இல்லாத ஓட்டையும் இருந்த ஓட்டையும்

இதயத்துக்குள் ஓட்டை இருக்கிறது என்று அடித்துச் சொன்ன பிரமுகர் கேலன். சாதாரண ஆள் இல்லை. பெர்கமோனில் கிளாடியேட்டர்களுக்குத் தையல் போட்டுத் தொழில் பழகி, ரோமாபுரிக்கு வந்து சக்கரவர்த்தி மார்க்கஸ் அரேலியஸுக்கே வைத்தியம் பார்த்தவர். இதயத்தின் வலது பக்க ரத்தம் இடது பக்கம் எப்படிப் போகிறது என்று யோசித்தார். நடுச்சுவரில் துளைகள் இருக்கின்றன, அது வழியாகக் கசிகிறது என்று எழுதிவிட்டார். துளையைக் காணோமே ஐயா என்று கேட்டால்? கண்ணுக்குத் தெரியாத துளை! எந்த எதிர்க்கட்சியாலும் மடக்க முடியாத பதில்.

இத்தனைக்கும் அவர் அறுத்துப் பார்த்ததெல்லாம் குரங்கு, பன்றி மாதிரி விலங்குகள்தான். சரி, மனித உடலை அறுக்க அன்றைக்கு அனுமதி இல்லை, பாவம், என்ன செய்வார் என்று நீங்கள் பரிந்து பேசலாம். குரங்குக்கும் அந்தத் துளை கிடையாது.

13-ம் நூற்றாண்டில் கெய்ரோவில் இப்னு அல்-நஃபீஸ் என்றொரு டாக்டர், “அந்தச் சுவர் கெட்டி, ஒரு துளையும் இல்லை, ரத்தம் நுரையீரல் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் இடது பக்கம் வருகிறது” என்கிற அர்த்தத்தில் எழுதி வைத்தார். ஐரோப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1543-ல் வெஸாலியஸ் என்ற உடற்கூறு நிபுணர் மனித உடலையே அறுத்துப் பார்த்துப் பெரிய புத்தகம் போட்டார். துளை இல்லை என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் கேலனை எதிர்த்துப் பேசுவதா? கண்ணுக்குத் தெரியாத வழியில் ரத்தத்தைக் கசியவிடும் ஆண்டவனின் கைவண்ணமே வண்ணம் என்று பூடகமாக வியந்துவிட்டு நகர்ந்தார். அவருக்குள் இருந்த நக்கீரர் வெளியே வர 1555-ல் இரண்டாம் பதிப்பு அச்சாக வேண்டியிருந்தது.

இதில் பெரிய தமாஷ் என்னவென்றால், அந்த நடுச்சுவரில் ஓட்டையோடு பிறக்கிற குழந்தைகள் நிஜமாகவே உண்டு. நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று இதயத்தில் ஏதாவது குறையோடு பிறக்கிறது. அவற்றில் அடிக்கடி பார்ப்பது இந்தச் சுவர் ஓட்டையைத்தான். இல்லாத ஓட்டையை 1,400 வருஷம் பாடம் நடத்திய வைத்திய உலகம், இருந்த ஓட்டைகளோடு செத்துப்போன பிள்ளைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சர்ஜன்களாவது பார்த்தார்களா? 1896-ல் ஸ்டீஃபன் பாஜெட் என்ற ஆங்கிலேய சர்ஜன், இதய அறுவை சிகிச்சை இயற்கை போட்டுவைத்த எல்லைக்கு வந்துவிட்டது, இனி எந்தப் புது முறையும் அதைத் தாண்டாது என்று ஒரு புத்தகத்தில் தீர்ப்பு எழுதினார். அதே வருஷம் செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் நெஞ்சில் கத்திக்குத்து வாங்கிய ஓர் இளைஞனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். லுட்விக் ரேன் என்ற டாக்டர் துடித்துக்கொண்டிருந்த இதயத்திலேயே மூன்று தையல் போட்டார். ஆள் பிழைத்துவிட்டான். அவனுக்கு இங்கிலீஷ் புத்தகம் படிக்கிற பழக்கம் இருந்திருக்காது.

அடுத்து வருகிறவர் நம் ஹீரோக்களிலேயே முழுக் கிறுக்கர். 1929, ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்ற ஊர். வெர்னர் ஃபோர்ஸ்மன் அங்கே இளம் டாக்டர். முழங்கை மடிப்பில் இருக்கும் ரத்தக்குழாய்க்குள் மெல்லிய ட்யூபை விட்டு, அதைத் தள்ளிக்கொண்டே போனால் இதயத்துக்குள் போய்ச் சேராதா என்று யோசனை. மேலதிகாரியிடம் கேட்டார். கூடவே கூடாது என்றார் அவர். கருவிகள் இருந்த அலமாரியின் சாவியோ நர்ஸ் அம்மாவின் கையில். ஃபோர்ஸ்மன் அந்த அம்மாவிடம் நைச்சியமாகப் பேசிப் பேசிக் கரைத்தார். எவ்வளவு கரைத்தார் என்றால், “என் மேலேயே செய்து பாருங்கள் டாக்டர்” என்று சொல்கிற அளவுக்கு.

நர்ஸைப் படுக்கவைத்துக் கையையும் காலையும் மேஜையோடு கட்டினார். அந்தப் பக்கம் திரும்பி, தன் இடது கையை மரக்க வைத்து, ட்யூபைத் தனக்குள்ளேயே விட்டுக்கொண்டார்! 65 சென்டிமீட்டர் உள்ளே போயிற்று. பிறகு நர்ஸை அவிழ்த்துவிட்டு, இதயத்தை நோக்கிப் போன ட்யூபோடு மாடிப்படி இறங்கிக் கீழே எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போனார். ட்யூபைப் பிடுங்கப் பாய்ந்த சக டாக்டரை உதைத்துத் தள்ளிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார். உலகின் மிக ஆபத்தான செல்ஃபி அதுதான்.

பரிசு என்ன? பெர்லினின் மகா பெரிய சர்ஜன் சாவர்ப்ரூக், இந்த மாதிரி வித்தைக்கெல்லாம் சர்க்கஸ்தான் லாயக்கு என்று வெளியே அனுப்பினார். ஃபோர்ஸ்மன் இதயத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு யூராலஜிஸ்ட் ஆனார். நாஜிக் கட்சியிலும் சேர்ந்தார். அதை மறைத்துவிட்டுக் கிறுக்கை மட்டும் ரசிப்பது நியாயமில்லை. 1956-ல் அவருக்கு நோபல் பரிசு என்று தகவல் வந்தபோது சிறுநீர்ப்பை வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு எத்தனையோ குழந்தைகளுக்கு மார்பைத் திறக்காமல், தொடையில் ஊசி குத்தி ட்யூபை மேலே ஏற்றி, குடை மாதிரி விரிகிற ஒரு சாதனத்தால் ஓட்டையை அடைக்கிறார்களே, அது அந்தச் சர்க்கஸின் தொடர்ச்சிதான்.

கனடாவுக்குப் போவோம். மான்ட்ரீல் நகரில் மாட் அபட் என்ற பெண் டாக்டராக ஆசைப்பட்டார். மெக்கில் பல்கலைக்கழகம், பெண்களுக்கு இங்கே மருத்துவம் கிடையாது என்று கதவைச் சாத்தியது. பிஷப்ஸ் என்ற வேறு கல்லூரியில் படித்து 1894-ல் டாக்டரானார். மெக்கில் மனசு இளகி ஒரு வேலை கொடுத்தது. என்ன வேலை? மருத்துவ மியூசியத்தில், தூசி படிந்த கண்ணாடி ஜாடிகளைக் கவனித்துக்கொள்வது!

அந்த ஜாடிகளுக்குள் இருந்தவை இதயங்கள். கோணல் இதயம், ஓட்டை இதயம், ஒரே கீழறை உள்ள இதயம். யாரோ எப்போதோ போட்டுவைத்துவிட்டு மறந்துபோனவை. அபட் ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, யார் பிள்ளை, எத்தனை மாதம் இருந்தது, நீலம் பாய்ந்திருந்ததா என்று பழைய பதிவுகளைத் தோண்டித் தோண்டி எழுதினார். அந்தக் காலத்துப் பெரிய டாக்டர் வில்லியம் ஆஸ்லர் தன் பிரம்மாண்டமான மருத்துவ நூலில் பிறவி இதயக் கோளாறு பற்றிய அத்தியாயத்தை இவரிடம்தான் ஒப்படைத்தார். 1908-ல் வந்த அந்த அத்தியாயத்தில் 412 இதயங்களின் கணக்கு. 1936-ல் தனி அட்லஸே போட்டார், அதில் ஆயிரம். நடுவில் 1910-ல் மெக்கில் அவருக்குக் கௌரவ மருத்துவப் பட்டம் கொடுத்தது. அப்போதும் அந்தக் கல்லூரியில் பெண்கள் மருத்துவம் படிக்க முடியாது.

உடம்பு நீலம் பாய்கிற ‘நீலக் குழந்தைகளின்’ முக்கியமான கோளாறு ஒன்றுக்குப் பெயர் நிலைத்ததும் இந்த அம்மாவால்தான். கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழி குறுகல், மகாதமனி இடம் தவறி ஓட்டைக்கு நேர் மேலே நிற்பது, வலது கீழறைத் தசை தடிப்பது, இந்த நாலும் சேர்ந்து வருவது அது. மார்ஸேயில் ஆர்தர் ஃபாலோ 1888-ல் அதை விவரித்தார். அபட் 1924-ல் ‘ஃபாலோவின் நாற்கோளாறு’ என்று பெயர் வைத்தார். ஆனால் ஃபாலோவுக்கு 200 வருஷம் முன்பே டென்மார்க்கின் நீல்ஸ் ஸ்டென்சன் இதை ஒரு சிசுவில் அறுத்துப் பார்த்து எழுதிவிட்டார். அவர் ஏன் உரிமை கொண்டாடவில்லை? மனிதர் மருத்துவத்தை விட்டுப் பாறைகளை ஆராயப் போய், பாறைகளையும் விட்டுக் கத்தோலிக்க பிஷப் ஆகிவிட்டார்.

இப்போது பாஸ்டன். 1938 ஆகஸ்ட். ராபர்ட் கிராஸ் என்ற 33 வயது இளம் சர்ஜனுக்குக் கை அரிக்கிறது. கருவில் இருக்கும் குழந்தைக்கு நுரையீரலில் வேலை இல்லை அல்லவா? அதனால் ரத்தத்தை அந்தப் பக்கம் போகவிடாமல் மகாதமனிக்கே திருப்ப ஒரு குறுக்குக் குழாய் உண்டு. பிறந்த சில நாளில் அது தானாக மூடிக்கொள்ளும். சிலருக்கு மூடாது. அதை ஒரு கட்டுப் போட்டு மூடிவிடலாம் என்றார் கிராஸ். தலைமை சர்ஜன் வில்லியம் லாட் ஒப்பவில்லை. லாட் லீவில் போனார். கிராஸ் 7 வயதுச் சிறுமி ஒருத்தியின் குழாயைக் கட்டி முடித்துவிட்டார். அந்தப் பெண் பேரப்பிள்ளை பார்க்கிற வயது வரை நன்றாக வாழ்ந்தார். மேலதிகாரி லீவில் போவதால் நாட்டுக்கு நன்மை உண்டு என்பதற்கு வைத்தியத் துறையின் அத்தாட்சி.

கிராஸின் இந்தப் புகழை நினைவில் வையுங்கள். ஏனென்றால் அடுத்து அவர் வீட்டு வாசலில் வந்து நிற்கப்போவது அதிர்ஷ்டம். அவர் அதை உள்ளே விடவில்லை.

ஹெலன் டாஸிக். அப்பா ஹார்வர்டில் புகழ்பெற்ற பொருளாதாரப் பேராசிரியர். மகளோ எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்பட்ட பெண். ஹார்வர்டில் போய்க் கேட்டபோது, வகுப்புக்கு வரலாம், பட்டம் தரமாட்டோம் என்றார்கள். கடைசியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டாக்டரானார். அதற்குள் காதும் மந்தமாகிவிட்டது. ஸ்டெதஸ்கோப்பை நம்ப முடியாத இதய டாக்டர்! குழந்தையின் மார்பில் விரல்களை வைத்து, அதிர்வைத் தொட்டே நோயைச் சொன்னார். காது நன்றாகக் கேட்ட பலருக்கு விளங்காதது அந்த விரல்களுக்கு விளங்கியது.

அவருடைய கிளினிக்குக்கு வந்த நீலக் குழந்தைகளைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். உதடு, நகக்கண் எல்லாம் நாவல்பழம் தின்ற மாதிரி இருக்கும். விரல் நுனிகள் தடித்து உருண்டிருக்கும். பத்தடி ஓடிய பிள்ளை சட்டென்று நின்று குத்தவைத்து உட்கார்ந்துவிடும், முழங்கால் நெஞ்சைத் தொடுகிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் மூச்சு சமாதானமாகும், எழுந்து மறுபடி ஓடும். அப்படி உட்காரும்போது கால் ரத்தக்குழாய்கள் மடங்கி அழுந்துகின்றன. உடம்புக்குப் போகும் வழி இறுகிவிடுவதால் ரத்தம் நுரையீரல் பக்கம் கூடுதலாகத் திரும்புகிறது. நாலு வயதுப் பிள்ளை யாரும் சொல்லித்தராமல் தானே கண்டுபிடித்த சிகிச்சை. ஃபீஸ் கிடையாது.

டாஸிக் இன்னொன்றையும் கவனித்தார். அந்தக் குறுக்குக் குழாய் மூடாமல் இருக்கும்வரை நீலக் குழந்தைகள் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. மூடிய பிறகுதான் சாகின்றன. அப்படியானால் மூடிய குழாய்க்குப் பதில் செயற்கையாக ஒன்றை அமைத்தால்? நேராகக் கிராஸிடம் போனார். கிராஸுக்கோ குழாயை மூடியதில்தான் உலகப்புகழ். “மூடுவதே எனக்குப் பெரும்பாடாக இருக்கிறது, திறக்கச் சொல்கிறீர்களா?” என்கிற ரீதியில் அனுப்பிவிட்டார். ஒரு விஷயத்தில் நிபுணர் ஆகிவிட்டால் அதற்கு எதிர்ப்பக்கம் பார்க்கக் கழுத்து திரும்பாது போலிருக்கிறது.

1941-ல் ஹாப்கின்ஸுக்கு ஆல்ஃப்ரட் பிளாலாக் என்ற சர்ஜன் வந்து சேர்ந்தார். கூடவே விவியன் தாமஸ். இந்தக் கதையில் நான் எழுந்து நின்று சொல்ல வேண்டிய பெயர் இது. நாஷ்வில்லில் தச்சு வேலை பார்த்த கறுப்பின இளைஞர். பிளாலாக்கின் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்த பிறகு, மருத்துவம் படிக்கச் சேர்த்து வைத்த பணத்தோடு பாங்கு திவாலாகிவிட்டது. அங்கேயே தங்கிவிட்டார். செய்தது சர்ஜனின் வேலை. சம்பளப் பட்டியலில் இருந்தது துப்புரவுத் தொழிலாளி என்று.

டாஸிக் தன் யோசனையைச் சொன்னதும் இருவருக்கும் பழைய ஞாபகம். கைக்குப் போகும் ரத்தக்குழாயை வெட்டி நுரையீரல் குழாயோடு இணைத்து, நுரையீரலில் பிரஷர் ஏற்ற முடியுமா என்று நாஷ்வில்லில் நாய்களிடம் பார்த்திருந்தார்கள். பிரஷர் ஏறவில்லை. பரிசோதனை தோல்வி. அடடா, அந்தத் தோல்வியல்லவா இப்போது வேண்டும்! நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தமும் போகிறது, கெடுதலும் இல்லை. தாமஸ் மறுபடி ஆரம்பித்தார். ஏறத்தாழ 200 நாய்கள். குழந்தையின் ரத்தக்குழாய்க்கு ஏற்ற ஊசி கிடைக்கவில்லை என்று, இருந்த ஊசியைத் தானே வெட்டித் தேய்த்துச் சின்னதாக்கினார். பிழைத்த நாய்களில் அன்னா என்பவளுக்கு ஹாப்கின்ஸ் சுவரில் படம் மாட்டினார்கள். தாமஸ் படம் ஏறியது 1971-ல். நாய் முந்திக்கொண்டது.

1944 நவம்பர் 29. பதினைந்து மாதப் பெண் குழந்தை, எடை 4 கிலோவுக்குச் சற்று மேல். பிளாலாக் கத்தியை எடுப்பதற்கு முன் தாமஸைத் தேடினார். அவர் வந்து ஒரு ஸ்டூல் போட்டு, பிளாலாக்கின் தோளுக்குப் பின்னால் ஏறி நின்றார். பிளாலாக் இந்த ஆபரேஷனை நாயில் செய்தது ஒரே ஒரு முறை. அதுவும் தாமஸ் பக்கத்தில் இருந்து உதவ. ஒவ்வொரு தையலுக்கும் “இது சரியா, திசை சரியா” என்று கேட்க, பின்னாலிருந்து பதில் வந்துகொண்டே இருந்தது. அந்தக் காலத்து அமெரிக்காவில் தாமஸ் அந்த ஆஸ்பத்திரி முன்வாசல் வழியாக நுழைந்தாலே முறைப்பார்கள்.

அந்தக் குழந்தை தேறியது. பிறகு சில மாதத்தில், இரண்டாம் ஆபரேஷனுக்குப் பின் இறந்துவிட்டது. மூன்றாவதாக வந்த ஒரு சிறுவன் மேஜையிலேயே நீலம் போய் ரோஜா நிறத்துக்குத் திரும்பினான். பிளாலாக்கும் டாஸிக்கும் 1945-ல் கட்டுரை எழுதினார்கள். ஆபரேஷனுக்கு அவர்கள் இருவர் பெயர். தாமஸ் பெயர் நன்றியுரையில்கூட இல்லை. பிளாலாக் வீட்டு விருந்துகளில் மட்டும் அவருக்கு இடமுண்டு. கைச்செலவுக்காக அங்கே விருந்தினர்களுக்கு மது ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

1976-ல் ஹாப்கின்ஸ் தாமஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. விதிமுறை இடம் தரவில்லை என்று மருத்துவத்துக்குப் பதிலாகச் சட்டத்தில்! எத்தனையோ சர்ஜன்களுக்குக் கை பழக்கிய மனிதரை வக்கீல் ஆக்கிவிட்டார்கள்.

டொரான்டோவில் சர்ஜன் வில்ஃப்ரட் பிகலோவுக்கு வேறு கவலை. உடம்பைக் குளிரவைத்தால் ஆக்ஸிஜன் தேவை குறையும், அந்த இடைவெளியில் இதயத்தைத் திறக்கலாம் என்று அவர் கண்டுபிடித்தது உண்மையிலேயே பெரிய விஷயம். அதோடு நின்றிருக்கலாம். குளிர்காலம் முழுக்கத் தூங்கும் கிரவுண்ட்ஹாக் என்ற பெருச்சாளி மாதிரி பிராணியின் உடம்பில் மாயப்பொருள் ஏதோ இருக்கிறது என்று, பண்ணை வைத்து வளர்த்துத் தேடினார். ஒருவழியாக ஒரு பொருள் கிடைத்தது. ஹைபர்னின் என்று நாமகரணம் ஆயிற்று. நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். குடித்தவர்கள் மாதிரி மிதந்தார்கள். கடைசியில் அது கிரவுண்ட்ஹாக்கிலிருந்தே வரவில்லை. பிளாஸ்டிக் ட்யூபை வளைய வைக்கச் சேர்க்கும் ரசாயனம், ட்யூபிலிருந்து கரைந்து வந்திருக்கிறது! இதைப் பிகலோவே பிற்பாடு புத்தகத்தில் எழுதினார் என்பதற்காக அவருக்கு ஒரு சல்யூட்.

மினசோட்டாவின் சர்ஜன் வால்டன் லில்லிஹைக்குக் குளிரெல்லாம் போதவில்லை. குளிரவைத்தால் கிடைப்பது சில நிமிஷம்தான். 1954-ல் அவர் கேட்டார்: கருவில் குழந்தைக்கு அம்மாவின் உடம்புதானே நுரையீரலாக இருக்கிறது? அதையே ஆபரேஷன் மேஜையில் செய்தால் என்ன? அப்பாவையோ அம்மாவையோ பக்கத்து மேஜையில் படுக்கவைத்து, குழந்தையின் ரத்தத்தை அவர்கள் உடம்புக்குள் அனுப்பிச் சுத்தமாக்கித் திருப்பினார்கள். நடுவே ஓடிய பம்ப், பால் பண்ணைகளில் பால் இறைக்கிற ரகம். ஒரே ஆபரேஷனில் 200 சதவீத மரணத்துக்கு வாய்ப்புள்ள ஒரே சிகிச்சை என்று டாக்டர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். 45 குழந்தைகளில் 28 பேர் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். பெற்றோர் ஒருவரும் சாகவில்லை. ஆனால் ஒரு தாய்க்கு மூளை பாதித்தது.

இப்படித் துணிந்தவருக்கு வருமான வரி அதிகாரி எம்மாத்திரம்? 1973-ல் வரி ஏய்ப்பு வழக்கில் லில்லிஹை குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. இதயத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் பிசகாத மனிதருக்குக் கணக்குப் புத்தகத்தில் எல்லாமே பிசகியிருந்தது.

சரி, ஓட்டையை அடைத்தவர்கள் கதை இது. ஓட்டை ஏன் வருகிறது என்று யாராவது கேட்டார்களா? நம் வீடுகளில் பதில் தயார்: கிரகணத்தில் வெளியே போனாள், கர்ப்பத்தில் எதையோ பார்த்துப் பயந்தாள். குற்றவாளி எப்போதும் தாய். தாய்மார்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்ட ஆள் ஓர் ஆஸ்திரேலியக் கண் டாக்டர். 1941-ல் சிட்னியில் நார்மன் கிரெக்கிடம் பிறவிக் கண்புரையோடு வரிசையாகக் குழந்தைகள் வந்தன. காத்திருக்கும் அறையில் இரண்டு அம்மாக்கள், கர்ப்பமாக இருந்தபோது தங்களுக்கு ரூபெல்லா அம்மை போட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டார்களாம். கிரெக் எல்லாத் தாய்மாரையும் விசாரித்தார். 78 குழந்தைகளைத் தொகுத்துப் பார்த்தால், பெரும்பாலான தாய்மாருக்கு அதே அம்மை. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இதயத்திலும் கோளாறு. கண் டாக்டர் இதயத்தைப் பற்றிப் பேசுவதா என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. அவர் சொன்னதுதான் சரி.

அந்த அம்மைக்கு 1969 முதல் தடுப்பூசி இருக்கிறது. 2017-ல் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் போட்டபோது நாம் என்ன செய்தோம்? வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியைப் படித்துவிட்டுப் பிள்ளைகளை ஒளித்து வைக்கப் பார்த்தோம். கேலனாவது கண்ணுக்குத் தெரியாத துளையைத் தானே யோசித்துச் சொன்னார். நாம் ஃபார்வர்டு செய்தோம்.

சரி, இனியாவது செய்ய வேண்டியது: மாமன் மகளையோ அக்கா மகளையோ கட்டினால் குழந்தைக்கு இதயக் கோளாறு வரும் ரிஸ்க் கூடும் என்பதைப் பெரியவர்களுக்குச் சொல்லுங்கள். கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவும், ரூபெல்லா ஊசி போட்டாயிற்றா என்று பார்க்கவும் சொல்லுங்கள். கர்ப்பம் தரித்த பின் அந்த ஊசி போடமாட்டார்கள். பச்சைக்குழந்தை பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்துக் கொட்டினாலோ, நாலு வாய் குடிப்பதற்குள் களைத்து விட்டுவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, மாமியாரிடம் கிரகணத் தேதியை விசாரிக்காமல் அன்றைக்கே குழந்தைகள் டாக்டரிடம் காட்டி ‘எக்கோ’ என்கிற இதய ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.